பால்டார் ஏன் அப்படிச் செய்தார்? பேட்டில்ஸ்டார் கேலக்டிகா விவாதங்களுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பேட்டில்ஸ்டார் கேலக்டிகா என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரை முழுதாகப் பார்த்து முடித்த தெம்பில்தான் நான் முதல் விவாதத்தில் இறங்கினேன். கடைசி சீசனில் ஒரு துணைப் பாத்திரம் செய்யும் காரியத்துக்குப் பதவி ஆசைதான் காரணம் என்று அடித்துச் சொன்னேன். எதிரில் இருந்தவர் மறுத்துக்கூடப் பேசவில்லை. "அந்தப் பத்துக் குறும்பகுதிகளைப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அன்று வாயை மூடியவன், மறுபடி திறக்க ஒரு மாதம் ஆனது.

அந்த மாதத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல் இரண்டு படிகளைத் தொடர் பார்க்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். மூன்றாவது படியிலிருந்து கதையின் ரகசியம் எல்லாம் வெளியே வந்துவிடும். பார்க்கும் எண்ணம் இருந்தால் இரண்டாவது படியோடு நிறுத்திக்கொண்டு, முடித்துவிட்டு வாருங்கள்.

படி 1: எந்த பேட்டில்ஸ்டார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்

1978-ல் வந்தது ஒன்று. ரொனால்ட் டி. மூரும் டேவிட் ஐக்கும் புதிதாக உருவாக்கி, 2003 டிசம்பரில் குறுந்தொடராகத் தொடங்கி 2009 மார்ச்சில் முடித்தது இன்னொன்று. பாத்திரப் பெயர்கள் பெரும்பாலும் ஒன்றுதான், ஆட்கள்தான் வேறு. தலைப்பில் உள்ள பால்டாரையே பாருங்கள். பழைய பால்டார் தெரிந்தே மனித இனத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்தவர். விஞ்ஞானியான புதிய பால்டாருக்கு, தன் காதலிக்குக் கொடுத்த பாதுகாப்புக் கணினி அனுமதிக் குறியீடுகள் எங்கே போகின்றன என்பதே தெரியாது. பழைய தொடரை மனதில் வைத்துப் பேசுபவரும் புதியதை வைத்துப் பேசுபவரும் அரை மணி நேரம் மோதிவிட்டு, கடைசியில்தான் விஷயத்தைக் கண்டுபிடிப்பார்கள். நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். போதாக்குறைக்கு, பழைய தொடரில் அப்போலோவாக நடித்த ரிச்சர்ட் ஹேட்ச் புதியதில் டாம் ஸாரெக்காக வருகிறார். 'ஹேட்ச் செய்த பாத்திரம்' என்று யாராவது தொடங்கினால் எது என்று கேட்டுவிடுங்கள்.

இந்தக் கட்டுரை முழுக்கப் புதியதைப் பற்றியது.

படி 2: பார்க்க வேண்டியவை, வரிசை, ஆகும் நேரம்

மொத்தத்தில் 60 மணி நேரம் ஒதுக்குங்கள். குறுந்தொடர் சுமார் மூன்று மணி நேரம். நான்கு சீசன்களும் சேர்ந்து 70 பகுதிகளுக்கு மேல், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அப்புறம் 'ரேஸர்', 'தி பிளான்' என்று இரண்டு தொலைக்காட்சிப் படங்கள். இவை போக, இணையத்துக்கென்றே எடுத்த குறும்பகுதித் தொகுப்புகள். அவற்றில் விவாதத்துக்குத் தேவையானவை இரண்டு: 'தி ரெசிஸ்டன்ஸ்' பத்துத் துண்டுகள், 'தி ஃபேஸ் ஆஃப் தி எனிமி' பத்துத் துண்டுகள். ஒவ்வொரு துண்டும் சில நிமிடங்கள்தான். தினம் ஒரு பகுதி என்று வைத்தால் இரண்டரை மாதத்துக்கு மேல் ஓடும். அவசரப்பட்டு வாரக் கடைசியில் பத்துப் பத்தாக விழுங்காதீர்கள். யார் எதை எப்போது தெரிந்துகொண்டார்கள் என்பது கலங்கிப்போகும், பின்னால் வாதத்தில் உங்களுக்குத் தேவைப்படுவது அதுதான்.

வரிசை இது:

குறுந்தொடர், சீசன் 1, சீசன் 2, 'தி ரெசிஸ்டன்ஸ்', சீசன் 3, 'ரேஸர்', சீசன் 4-ன் முதல் பாதி, 'தி ஃபேஸ் ஆஃப் தி எனிமி', சீசன் 4-ன் மறுபாதி, கடைசியாக 'தி பிளான்'.

இதில் மூன்று இடங்களில் புதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள்.

ஒன்று, குறுந்தொடர் சில இடங்களில் தனிப் படமாகப் பட்டியலிடப்பட்டிருக்கும். சீசன் 1-ஐ அழுத்தினால் '33' என்ற பகுதியில் போய் நிற்பீர்கள். அது அருமையான பகுதி, ஹ்யூகோ விருதும் வாங்கியது. ஆனால் அதிலிருந்து தொடங்கினால் பால்டாரின் குற்ற உணர்ச்சிக்கு வேர் எது என்றே தெரியாது.

இரண்டு, 'ரேஸர்' நடக்கும் காலம் இரண்டாவது சீசன் என்பதால் அதை அங்கே நுழைத்துப் பார்க்கச் சொல்லும் அன்பர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். அது 2007 நவம்பரில் வெளியானது, மூன்றாவது சீசனைப் பார்த்தவர்களுக்காகவே எழுதப்பட்டது. நான்காவது சீசனுக்கான ஒரு முடிச்சும் அதில் இருக்கிறது.

மூன்று, டிவிடி வட்டுப் பெட்டி. 2009-ல் 'முழுத் தொடர்' என்று வந்த பெட்டியில் 'தி பிளான்' இருக்காது. அந்தப் படம் சில மாதங்கள் கழித்துத்தான் வெளியானது. 'முழு' என்ற சொல்லை நம்பி வாங்காமல், பின்னட்டையில் உள்ள பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். குறும்பகுதிகள் சேர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பலமுறை விட்டுப்போவது அவைதான்.

இனிமேல் கதை உடையும்.

படி 3: நான்கு சொற்களைப் பிரித்து வையுங்கள்

பாத்திரங்களைப் பற்றிய சண்டைகளில் பாதி, சண்டையே இல்லை. ஒருவர் காரணம் சொல்கிறார், மற்றவர் அதை நியாயப்படுத்துவதாகக் கேட்கிறார், அவ்வளவுதான். எனவே வாய் திறக்கும் முன், நான்கில் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

காரணம்: அவரை அந்த இடத்துக்குத் தள்ளியது எது.
நோக்கம்: அதைச் செய்து அவர் எதை அடைய நினைத்தார்.
சாக்கு: அதற்கு அவர் பிறரிடமும் தன்னிடமும் சொல்லிக்கொண்டது.
நியாயம்: அது சரியா தப்பா. இது நம்முடைய தீர்ப்பு, அவருடைய மனதில் இருப்பதல்ல.

பெகாசஸ் என்ற இன்னொரு போர்க்கப்பலின் தலைவி அட்மிரல் கெய்னை எடுத்துக்கொள்ளுங்கள். காரணம், ஒரே நாளில் உலகம் அழிந்தது. நோக்கம், அதை அழித்த சைலான்களை (மனிதர் உருவாக்கி, பின்னால் மனிதரைப் போலவே உருவெடுத்த இயந்திர இனம்) திருப்பி அடிப்பது. பொதுமக்கள் கப்பல்களைச் சூறையாடியதற்கு அவர் சொன்ன சாக்கு, போர்த்தேவை. நியாயம் என்று வரும்போது, தன் கப்பலுக்கு மாறச் சொன்ன ஆட்கள் மறுத்ததும் அவர்கள் குடும்பத்தாரைச் சுடச் சொன்னவரைப் பற்றி நான் எதற்குச் சொல்ல வேண்டும்? ஆனால், "கெய்னின் நோக்கம் புரிகிறது" என்று ஒருவர் சொன்னால், அந்தச் சூட்டை அவர் ஆதரிக்கிறார் என்று பாயாதீர்கள். "நோக்கத்தைச் சொல்கிறீர்களா, நியாயத்தைச் சொல்கிறீர்களா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியால் நின்றுபோன சண்டைகள் ஏராளம்.

படி 4: காட்சிக்கு ஒரு பக்கம் எழுதுங்கள்

நினைவை நம்பாதீர்கள். வாதிக்கப்போகும் காட்சியை இன்னொரு முறை ஓடவிட்டு, ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: என்ன செய்தார், அந்த நொடியில் அவருக்கு என்ன தெரியும், என்ன சொன்னார், யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காட்சிக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

நான் முதலில் எழுதிப்பார்த்தது குறுந்தொடரில் வரும் 47-ஆம் எண். பால்டார் வாழும் கோளான கேப்ரிகா எரிகிறது. தரையில் இறங்கிய சிறு விண்கலத்தில் சில இருக்கைகள்தான் மிச்சம். சீட்டுக் குலுக்கல். கண்ணாடி இல்லாத ஒரு முதிய பெண்மணி, தன் சீட்டில் என்ன எண் என்று பக்கத்தில் நிற்கும் பால்டாரிடம் படிக்கக் கேட்கிறார். எண் 47. அது அழைக்கப்பட்ட எண். பால்டார் உடனே சொல்லவில்லை. அப்போது அந்தக் கலத்தில் வந்த கேலக்டிகா அதிகாரி ஹீலோ அவரை அடையாளம் கண்டுகொண்டு பெயரைச் சொல்லி அழைக்க, பால்டார் பதறிப்போய், தான் எதுவும் செய்யவில்லை, இந்த அம்மாவிடம்தான் 47 இருக்கிறது என்கிறார். பிறகு ஹீலோ தன் இடத்தையே அவருக்குக் கொடுத்துவிடுகிறார்.

"அந்தப் பெண்மணியின் சீட்டைத் திருடினார்" என்று அடித்துச் சொல்பவர்களை இன்னும் சந்திக்கிறேன். நான்கு வரி எழுதிப்பார்த்தால் திருட்டு எங்கும் இல்லை. தயக்கம் இருக்கிறது, அகப்பட்டுவிட்ட பயம் இருக்கிறது. ஹீலோ கூப்பிட்டது சீட்டுக்காக அல்ல. பால்டார் பதில் சொன்னது மட்டும் சீட்டுக்காக. திருடியிருப்பாரா என்பது தனிக் கேள்வி. தாராளமாக வாதிக்கலாம், ஆனால் 'திருடினார்' என்று தொடங்கினால் முதல் வரியிலேயே தோற்றுவிடுவீர்கள்.

தன் காதலி ஒரு சைலான் என்று தெரிந்ததும் அதே பால்டார் முதலில் நினைத்தது தன் வழக்கறிஞரை. அதையும் இந்தத் தாளில் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காட்சியிலும் உலகம் அழிந்துகொண்டிருக்கிறது, அவர் மட்டும் ஒரு நீதிமன்றத்தில் நிற்கிறார்.

படி 5: ஆதாரங்களுக்கு ஒரு தரவரிசை

எதை எதற்கு மேல் வைப்பது என்பதில் எல்லோரும் ஒத்துப்போக மாட்டார்கள். நான் பின்பற்றுவது இது: ஒளிபரப்பான பகுதி முதலிடம். அடுத்தது வட்டில் வந்த நீட்டித்த வடிவம். பிறகு படங்கள், குறும்பகுதிகள். அதற்கும் கீழே படைப்பாளியின் பேச்சு. கடைசியில் நடிகர்களின் பேட்டி. நீக்கப்பட்ட காட்சியை ஆதாரமாக ஏற்பதில்லை. வேண்டாம் என்றுதானே நீக்கினார்கள்?

நீட்டித்த வடிவத்தை அலட்சியம் செய்யாதீர்கள். 'ரேஸ'ரின் நீண்ட வடிவத்தில் கெய்னின் சிறுவயதில் தங்கையோடு நடந்த ஒரு சம்பவம் வருகிறது. அதைப் பார்த்தவரும் பார்க்காதவரும் கெய்னைப் பற்றிப் பேசினால் இரண்டு வேறு பெண்களைப் பற்றிப் பேசுவார்கள். எந்த வடிவத்தைப் பார்த்தீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள்.

இனி என்னை வாய் மூடவைத்த கெய்ட்டா, கேலக்டிகா கப்பலின் அதிகாரி. மூன்றாவது சீசனில் சிறையில் இருக்கும் பால்டாரைப் பார்க்கப் போகிறார். பால்டார் அவர் காதில் ஏதோ கிசுகிசுக்கிறார், நமக்குக் கேட்காது. அடுத்த கணம் கெய்ட்டா பேனாவால் அவர் கழுத்தில் குத்துகிறார். இது 2007 தொடக்கத்தில் வந்தது. அந்தக் கிசுகிசுப்புக்கு ஒரு பிடி கிடைத்தது 2008 டிசம்பரில் தொடங்கிய 'தி ஃபேஸ் ஆஃப் தி எனிமி'யில். மனிதர்கள் குடியேறி, பிறகு சைலான்கள் பிடித்துக்கொண்ட நியூ கேப்ரிகா கோளில் சிறைப்பட்டவர்களை விடுவிக்க வேண்டி கெய்ட்டா ஒரு எட்டாம் எண் (ஒரே உருவம் கொண்ட ஒரு வகை) சைலானிடம் பெயர்ப்பட்டியல் கொடுக்கிறார். அந்தப் பெயர்கள் விடுதலைக்குப் போகவில்லை, சாவுக்குப் போயின. இதைத் தெரிந்துகொண்ட மனிதர்தான், சைலான்களோடு கூட்டணி என்றதும் கலகத்தில் இறங்குகிறார். பதவி ஆசை என்று நான் சொன்னது இவரைத்தான்.

அதற்காகக் குறும்பகுதிகளே முழு விடை என்று சொல்ல மாட்டேன். நியூ கேப்ரிகாவில் சைலான்களை எதிர்த்தவர்களுக்கு ரகசியம் கடத்தியதே அவர்தான். கவிழ்த்து வைத்த நாய்க் கிண்ணம்தான் அவர்களுக்குள் அடையாளம். அப்படியிருந்தும் துரோகி என்று விண்வெளியில் தள்ளப் பார்த்தார்கள். பிறகு ஒரு காலையும் இழந்தார். இவை எல்லாம் தொடரிலேயே இருக்கின்றன. நான்தான் கணக்கில் எடுக்கவில்லை.

'தி ரெசிஸ்டன்ஸ்' விஷயமும் இப்படித்தான். மூன்றாவது சீசன் தொடக்கத்தில் தன்னையே வெடிகுண்டாக்கிக்கொள்ளும் டக், சைலான்களுக்காக வேலை செய்யும் காவல்படையில் சேரும் ஜாம்மர், இரண்டு பேருடைய காரணமும் முக்கியமாக அந்தப் பத்துத் துண்டுகளில்தான் இருக்கிறது.

படி 6: எழுதியவரின் நோக்கத்தைப் பாத்திரத்தின் தலையில் கட்டாதீர்கள்

பழகியவர்களும் விழும் பள்ளம் இது. ரொனால்ட் டி. மூர் பல பகுதிகளுக்கு ஒலிவடிவில் விளக்கம் பதிவு செய்திருக்கிறார், பெரும்பாலும் கையில் விஸ்கியோடு. எதை எப்போது முடிவு செய்தோம், எங்கே தடுமாறினோம் என்று மறைக்காமல் பேசுவார். கேட்கச் சுவையானவை. ஆனால் அவை எழுத்தறையில் நடந்ததைத்தான் சொல்லும், கப்பலில் நடந்ததை அல்ல.

மனிதரிடையே அடையாளம் தெரியாமல் இருந்த கடைசி ஐந்து சைலான்கள் யார் என்பது மூன்றாவது சீசன் எழுதும்போதுதான் முடிவானது. இப்போது கேலக்டிகாவின் துணைத்தளபதி கர்னல் டையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது சீசன் தொடக்கத்தில், சைலான்களுக்குத் தகவல் கொடுத்ததற்காகத் தன் மனைவி எல்லனுக்கு அவரே விஷம் கலந்து கொடுக்கிறார். எல்லன் அதைச் செய்ததும் அவரைக் காப்பாற்றத்தான். பிறகு அவரும் சைலான், எல்லனும் சைலான் என்று வருகிறது. சைலான்கள் செத்தால் புது உடலில் எழுவார்கள் அல்லவா? உடனே ஒருவர், "எல்லன் மறுபடி உயிர்த்தெழுவார் என்று டைக்கு உள்ளுக்குள் தெரியும்" என்பார். தெரியாது. கதைப்படி அவருடைய நினைவு அழிக்கப்பட்டிருந்தது. எழுதியவர்களுக்கும் அந்த நேரத்தில் அது முடிவாகவில்லை. அந்தக் கோப்பையைக் கொடுத்த கை ஒரு மனிதனுடைய கை, குறைந்தபட்சம் அந்தக் கைக்கு அப்படித்தான் தெரியும். பின்னால் வந்த திருப்பத்தை முன்னால் கொண்டுபோய் ஒட்டினால், தொடரின் மிகக் கனமான காட்சி ஒன்று காற்றுப்போன பலூன் ஆகிவிடும்.

தொடக்க எழுத்துகளில் வரும், சைலான்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது என்ற வரியையும் இதே கண்ணால் பாருங்கள். அதை நம்பி ஒவ்வொரு சைலானின் செயலையும் ஒரே சதிக்குள் அடக்கப் பார்ப்பவர்கள் 'தி பிளான்' பார்த்தபின் கொஞ்சம் அமைதியாவார்கள்.

தன்னை மனுஷி என்றே நம்பியிருந்த சைலான் விமானி பூமர், கேலக்டிகாவின் தளபதி அடாமாவைச் சுட்டது தனி ரகம். அவருக்கே தெரியாத கட்டளை அது. 'நோக்கம்' என்ற சொல் அங்கே பொருந்துமா என்பதிலிருந்து தொடங்குங்கள். ஆனால் அதே பூமர் நான்காவது சீசனில் குழந்தை ஹீராவைக் கடத்தும்போது அந்தச் சலுகை கிடையாது.

படி 7: பழைய வாதங்களின் தேதியைப் பாருங்கள்

யாராவது உங்களுக்கு ஒரு பிரமாதமான விளக்கம் சொன்னால், அது எப்போது பிறந்தது என்று கேளுங்கள். நான்காவது சீசன் 2008 ஜூன் 13-ல் பாதியில் நின்று, 2009 ஜனவரி 16-ல்தான் மீண்டும் தொடங்கியது. அந்த ஏழு மாதமும் ரசிகர்களுக்குச் செய்ய வேறு வேலை இல்லை. அந்தக் கடைசி ஐவரில் ஐந்தாவது சைலான் யார், ஏன் என்று ஆளுக்கொரு கோட்டை கட்டினார்கள். அவற்றில் பல இன்னும் வாய்வழியாக உலவுகின்றன, கதை அவற்றைத் தள்ளிவிட்டு எப்போதோ போய்விட்டது. கெய்னுக்கும், அவர் கப்பலில் மனுஷியாக மறைந்திருந்த சைலான் ஜினாவுக்கும் இருந்த காதல் 'ரேஸ'ரில்தான் தெரிகிறது. 2005-ல் 'பெகாசஸ்' என்ற பகுதியைப் பார்த்தவர்கள் கெய்னை வெறும் கொடூரம் என்று சொன்னதில் தப்பே இல்லை, அப்போது அவ்வளவுதான் கையில் இருந்தது.

உங்களுக்கும் இது பொருந்தும். முதல் தடவை பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாதத்துக்குப் போகாதீர்கள். ஒரு சீசன் முடியட்டும். போகத்தான் வேண்டுமென்றால், எதுவரை பார்த்திருக்கிறீர்கள் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். நல்ல கூட்டம் அதை மதிக்கும்.

படி 8: 'அவன்', 'அவர்', 'அவள்'

இது தமிழில் வாதிப்பவர்களுக்கு மட்டுமான பள்ளம். ஆங்கிலத்தில் வாதிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நாம் பேச ஆரம்பித்தாலே அடாமா 'சொன்னார்', பால்டார் 'சொன்னான்', கெய்ன் 'சொன்னாள்', அதிபர் ரோஸ்லின் 'சொன்னார்' என்று வருகிறது. வாதம் தொடங்கும் முன்பே வினைச்சொல்லின் வால் தீர்ப்பு சொல்லிவிடுகிறது. அடாமாவும் கெய்னும் ஒருவரை ஒருவர் கொல்லத் திட்டமிட்டவர்கள்தான். ஒருவருக்கு 'ஆர்', இன்னொருவருக்கு 'ஆள்' எதற்கு? தேர்தல் முடிவை மாற்றப் பார்த்த ரோஸ்லினுக்குக் கிடைக்கும் மரியாதை, அந்தத் தேர்தலில் ஒழுங்காக ஜெயித்த பால்டாருக்கு ஏன் இல்லை? எல்லோருக்கும் ஒரே விகுதி வையுங்கள். இரண்டு நாள் நாக்கு ஒத்துழைக்காது, அப்புறம் பழகிவிடும்.

படி 9: எந்தக் கேள்வியில் தொடங்குவது

முதல் விவாதத்துக்கு பால்டாரை எடுக்காதீர்கள். அவரைப் பற்றி எல்லோரிடமும் தயாரான பதில் இருக்கும். அவர் தலைக்குள் பேசும், காதலியின் உருவில் வரும் சிக்ஸ் யார் என்ற சிக்கலும் கூடவே வரும், கடைசிப் பகுதி அதற்கு ஒரு விடை சொன்ன பிறகும் பாதிப் பேர் அதை ஏற்கவில்லை.

இரண்டாவது சீசனின் 'ரெசரெக்‌ஷன் ஷிப்' இரண்டாம் பாகத்தை எடுங்கள். போர் முடிகிறது. பெகாசஸில் கெய்னைச் சுட விமானி ஸ்டார்பக் தயார், அடாமாவின் ஒரு சொல் வர வேண்டும். கேலக்டிகாவில் அடாமாவைத் தீர்க்க கெய்னின் துணைத்தளபதி ஃபிஸ்க் தயார், கெய்னின் ஒரு சொல் வர வேண்டும். இரண்டு சொல்லும் வரவில்லை. அடாமா ஏன் சொல்லவில்லை என்பதற்குக் கதையிலேயே ஆதாரம் இருக்கிறது. சற்று முன்புதான் அவர் கைதியாக இருக்கும் சைலான் ஷேரனிடம், சைலான்களுக்கு எங்கள் மேல் ஏன் இவ்வளவு வெறுப்பு என்று கேட்கிறார். மனித இனம் பிழைக்கத் தகுதியானதா என்று முன்பு அவரே மேடையில் பேசியதை ஷேரன் நினைவுபடுத்துகிறார். ஆக, அடாமாவின் தாளை நிரப்ப ஐந்து நிமிடம் போதும்.

கெய்ன்? அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. தொலைபேசி கையில், மறுமுனையில் ஃபிஸ்க் காத்திருக்கிறார், கேமரா அவர் முகத்தில் நிற்கிறது. எனக்கு இன்றுவரை அந்தத் தாளில் மூன்றாவது வரி காலிதான்.